காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூன்றாவது தெருவில் குடியிருக்கும் பேராசிரியர் தேவானந்தத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வயது ஐம்பத்தைந்து. பீடி, சிகரெட் கிடையாது. வகுப்பில் முதலாமாண்டு மாணவர்களைக்கூட ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவற மாட்டார். எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் போய்ச் சுற்றிப் பார்த்து, ‘நல்ல கலருங்க’ என்று மனதாரச் சொல்லிவிட்டு வருவார். ஆனால் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது. வயிறு எரியும். அப்படி ஒரு வியாதி.

வியாதிக்குக் காரணமும் இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக ஒரே கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறார். எந்த ராஜா எந்தக் கோட்டையில் சிறை கிடந்தான், எந்த ராணிக்கு எந்தத் தேதியில் தலை போனது, எல்லாம் விரல் நுனியில். அந்தக் கோட்டைகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் இருக்கிறது. பத்து வருஷம் ஆகி, அதைப் புதுப்பித்தும் வைத்தாயிற்று. உள்ளே ஒரு முத்திரை கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர்களெல்லாம் வருஷத்துக்கு நாலு தடவை ஜெர்மனி போய் வருகிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அந்த ஊர்க் கோட்டை எந்த நூற்றாண்டு என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. ‘தெரியாதவனுக்கெல்லாம் கிடைக்குது, தெரிஞ்சவனுக்குக் கிடைக்க மாட்டேங்குது’ என்று தேவானந்தம் ஆசிரியர் அறையில் பொருமாத வாரம் கிடையாது.

ஸ்காட்லாந்தில் ஒரு பழைய பல்கலைக்கழகம் இருக்கிறது. வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் நாலு வாரம் கோடைப் படிப்பு நடத்துகிறார்கள். வரலாறு, தத்துவம், இசை, ஓவியம், பாறையியல், தாவரவியல், வானியல் என்று கலையும் அறிவியலுமாக முப்பது பாடங்கள் இருக்கும். கல்லூரிகளில் வேலை செய்கிறவர்களுக்கென்று இந்தியாவுக்கு இரண்டே இரண்டு இலவச இடம். விமான டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் தேவானந்தம் மூன்று வருஷம் தொடர்ந்து விண்ணப்பம் போட்டார். பாடம், இடைக்கால ஐரோப்பா. மூன்று வருஷமும் வருந்துகிறோம் என்றே பதில் வந்தது. மூன்றாவது பதில் வந்த அன்று, வீட்டில் மனைவி முன்னால் கையை உதறிக்கொண்டு, “இனி எனக்கு அந்த ஆசையே இல்ல கிளாடிஸ். விட்டுப்போட்டேன்” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னார். சொல்லிவிட்டு நாலாவது வருஷமும் விண்ணப்பம் போட்டார். இந்தத் தடவை வீட்டில் மூச்சு விடவில்லை.

அவர் மனைவி கிளாடிஸ் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வக உதவியாளர். படிப்பு பி.எஸ்ஸி. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடித் தகடு கழுவுவது, தண்டையும் வேரையும் சீவலாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைப்பது, மாணவிகள் உடைத்த குடுவைகளுக்குக் கணக்குச் சொல்வது இதுதான் வேலை. கூடவே ஒரு கிறுக்கும் உண்டு. பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுகிறோமே கல்பாசி, அதைப் பற்றிய கிறுக்கு. மரப்பட்டையில் படைபடையாக ஒட்டி வளர்கிற அந்த லைக்கன் இனம் சுத்தமான காற்றில்தான் செழிக்கும், புகை வந்தால் செத்துவிடும் என்று எப்போதோ படித்தாள். அன்றிலிருந்து சிங்காநல்லூர் குளக்கரை மரங்களிலும், பஞ்சாலை ரோட்டு மரங்களிலும் எங்கே படை இருக்கிறது, எங்கே போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். பதினோரு வருஷ நோட்டு. தேவானந்தத்துக்கு அது, மற்ற பெண்கள் கோலப் புத்தகம் வைத்திருப்பதைப் போல ஒரு விஷயம்.

அந்தக் கோடைப் படிப்பில், ஆய்வகப் பணியாளர்களும் விண்ணப்பிக்கலாம் என்று இந்த வருஷம் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கிளாடிஸின் துறைத்தலைவர் அம்மா பிடித்த பிடியில் அவளும் எழுதினாள். எழுதியதைக் கணவரிடம்தான் முதலில் காட்டினாள். “ஏனுங்க, ஒருக்கா பாத்துத் திருத்திக் குடுங்க” என்றாள். அவர் தலைப்பை மட்டும் பார்த்தார். கல்பாசி என்று இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். “கல்பாசிக்கு ஸ்காட்லாந்தா? அனுப்பு, அனுப்பு. அனுப்பறதுக்கென்ன” என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கிளாடிஸ் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். கையில் செல்போன்.

“ஏனுங்க, கெடச்சிருச்சுங்க!”

“என்னது?”

“அந்த ஸ்காட்லாந்துங்க. பாசியும் லைக்கனும் பாடத்துக்கு. நீங்களே படிச்சுப் பாருங்க.”

தேவானந்தம் படித்தார். மூன்று வருஷமாக ‘வருந்துகிறோம்’ என்று அவருக்கு எழுதிய அதே அலுவலகம், அதே முத்திரை. கீழே ‘மகிழ்ச்சியடைகிறோம்’ என்று எழுதியிருந்தது. அவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அட, பரவால்லியே” என்றார்.  அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தாளிப்பு கருகுகிறது என்று உள்ளே போனாள்.

அவள் போனதும் லேப்டாப்பை எடுத்துத் தன் மெயிலைத் திறந்தார். அவருக்கும் ஒன்று வந்திருந்தது. காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. தேர்வான இருவரில் யாராவது பதினேழாம் தேதி திங்கட்கிழமைக்குள் வேண்டாம் என்று எழுதினால், பாடம் எதுவானாலும் அந்த இடம் அவருக்கு. தேர்வான இருவரின் பெயரையும் பல்கலைக்கழகத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒருவர் புனேயில் ஒரு வேதியியல் பேராசிரியை. இன்னொன்று, கிளாடிஸ் தேவானந்தம். தன் பெயரே தனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு இடத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே பால்காரர் மணி அடித்தார். அப்படியே எழுந்து போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேவானந்தம் ‘போகாதே’ என்று சொல்லுகிற ரகம் இல்லை. அப்படிச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? மகன் என்ன நினைப்பான்? அவருடைய பொறாமை படித்த பொறாமை. அக்கறை என்கிற வேஷம் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் காபி குடிக்கும்போதே ஆரம்பித்தார்.

“உனக்குத் தைராய்டு மாத்திரை அங்க கெடைக்குமோ என்னமோ.”

“மூணு மாசத்துக்கு வாங்கி வெச்சுக்கலாமுங்க.”

சனிக்கிழமை மழையை எடுத்தார். ஸ்காட்லாந்தில் ஜூலையிலும் தூறிக்கொண்டே இருக்கும், உனக்கு மூட்டுவலி, இரும்பாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. ரத்தத்தில் ஒரு பலகாரம் செய்வார்கள், அதைத்தான் காலையிலேயே தட்டில் வைப்பார்கள் என்றார். “நம்மூர்ல ஆட்டு ரத்தம் பொரிக்கறதில்லீங்களா? எனக்கு அதென்னமோ புடிக்குமுங்க” என்றாள் கிளாடிஸ். திங்கட்கிழமை விமான நிலையம். நடுவில் இறங்கி மாறுகிற நிலையம் நம் கோயம்புத்தூரைவிடப் பெரிது, போன வருஷம் யாரோ ஒரு அம்மா அதற்குள்ளேயே ஒருநாள் முழுக்கத் தொலைந்து போய்விட்டாராம் என்று ஒரு கதையை எடுத்துவிட்டார். அந்த அம்மா யார் என்று அவருக்கே தெரியாது. அந்த நிமிஷத்தில் இவர் வாயில் பிறந்தவர் அவர்.

கிளாடிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். சில சமயம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், எதையோ அவர் சொல்லப்போகிறார் என்பது போல. அவர் சட்டென்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

இந்த லட்சணத்தில் ஊர் வேறு சேர்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை கல்லூரியில் கணிதத் துறைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், மேடத்துக்கு ஸ்காட்லாந்தாமா! எங்க ஊட்டுல சொன்னாங்க. நீங்களும் தொணைக்குப் போவீங்ளா? லக்கேஜ் தூக்க ஆள் வேணுமில்லீங்க.” பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். தேவானந்தமும் சிரித்தார். சிரித்த சிரிப்பில் தாடை வலித்தது.

புதன்கிழமை மசாலா சாமான் வாங்க டவுன் ஹால் பக்கம் போனார். பெரிய கடைவீதியில் அப்துல் நாசர் கடைதான் பல வருஷமாக அவர்களுக்குப் பழக்கம். பட்டை, கிராம்பு கேட்டு நின்றவரை நாசர் பாய் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“மேடம் சொல்லிப்போட்டாங்க சார். எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். நாப்பது வருசமா கல்பாசி விக்கறேன், அது எங்க மொளைக்குது, ஏன் மொளைக்குதுன்னு என்னக் கேட்டவங்க மேடம் ஒருத்தருதான். ஒவ்வொரு மூட்டை வந்தாலும் ஒரு கை அள்ளி எடுத்து வெச்சிருப்பேன் அவுங்களுக்கு. ஹபீபுன்னிசாகூட நேத்து அவுங்களுக்காக அல்லாகிட்ட துவா செஞ்சா.”

ஹபீபுன்னிசா அவர் மனைவி. ஒரு பொட்டலம் கட்டி, “இது மேடத்துக்கு, அங்க கொண்டுபோய்க் காட்டட்டும்” என்று கையில் திணித்தார். பில்லில் சேர்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த தேவானந்தத்துக்கு, அதை அப்படியே வாலாங்குளத்துப் பக்கம் வீசிவிட்டால் என்ன என்று தோன்றியது. வீசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கொடுக்கும்போது யார் கொடுத்தது என்று சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு சின்னத்தனம்.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற மகன் கிறிஸ்டோவுக்குப் போன் போட்டார். அம்மாவுக்கு நீ எடுத்துச் சொல்லு, உடம்பு தாங்காது என்றார். கிறிஸ்டோ கொஞ்ச நேரம் கேட்டான்.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இதே உங்களுக்குக் கெடச்சு, அம்மாவுக்குத் தைராய்டு இருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்ளா?”

“அது வேற.”

“என்ன வேறன்னு சொல்லுங்க.”

 பஸ் வருகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டார். அப்போது வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இன்னும் மூன்றே நாள். எல்லா அஸ்திரமும் தீர்ந்துபோன ஆத்திரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லிவிட்டார். கிளாடிஸ் அப்போதுதான், அங்கே முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து தன் ஊர்ப் பாசியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம் என்று, பயமும் ஆசையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிச்சு என்ன பேசுவே?” என்றார் தேவானந்தம். “உன் இங்கிலீஷ வெச்சுக்கிட்டு? லேபுல கிளாஸ் கழுவறவளுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டாங்கன்னா? உனக்கு மட்டுமில்ல, எனக்குந்தான அசிங்கம்.”

கிளாடிஸ் ரசம் ஊற்ற எடுத்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள்.  எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அவள் தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது. கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவள் தட்டில் சோறு மீந்து தேவானந்தம் பார்த்ததில்லை. அவருக்குச் சுருக்கென்றது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவள் ஸ்காட்லாந்து போய்விடுவாள் என்கிற கணக்கு அவர் வாயை அடைத்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து கிளாடிஸ் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். தேவானந்தம் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் குறுக்கே போனார். மூன்றாம் தடவை போகும்போது, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“நீங்க சும்மா அலையாதீங்க. எழுத வேண்டியத எழுதி அனுப்பியாச்சு.”

அவ்வளவுதான். தேவானந்தத்துக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று எழுதிவிட்டாள். மெத்துமெத்தென்று ஒரு சந்தோஷம் ஏறியது. கூடவே பாவமாகவும் இருந்தது. சாயங்காலம் அவளுக்குப் பிடிக்குமே என்று தேங்காய் பன் வாங்கி வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் வழக்கம்போல ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். தேவானந்தம் நாலாவது பெஞ்சில் தூணோரம் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுத்தார்கள். இந்தச் சபையில், நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்களுக்கென்று அச்சடித்த கவர் உண்டு. குடும்பத் தலைவர் பெயர் எழுத ஒரு கோடு, காரணம் எழுத ஒரு கோடு. சபைச் செயலாளர் ஒவ்வொரு கவரையும் எடுத்து மைக்கில் வாசிப்பார். யார் வீட்டில் என்ன நல்லது நடந்தது என்று சபைக்குத் தெரிய வருவது அப்படித்தான். அன்றைக்கும் வாசித்தார். ஒரு வீட்டில் பேரன் பிறந்திருந்தான். ஒரு வீட்டில் போர் போட்டதில் எண்ணூறு அடியில் தண்ணீர் வந்திருந்தது. ஒருவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது.

“சகோதரர் தேவானந்தம் குடும்பத்தார், வெளிநாட்டுப் படிப்புக்கு இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை.”

தேவானந்தம் கவர் போடவில்லை. திடுக்கிட்டு வலது பக்கம் பார்த்தார். கிளாடிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “நம்ம புரொபசர் சார் வருஷக்கணக்கா ஜெபிச்ச காரியமுங்க இது. என்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்காரு! சார், முன்னால வாங்க. அம்மா, நீங்களும் வாங்க. சபையா ஜெபிச்சு அனுப்பிவைப்போம்.”

ஆண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டினார். தேவானந்தம் எழுந்து நடந்தார். மறைப்பானேன், முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். இடம் தனக்கு வந்துவிட்டது! விட்டுக்கொடுத்தது மட்டுமில்லாமல், தனக்குக் கிடைத்ததற்காகக் காணிக்கையும் போட்டிருக்கிறாள். அப்படியானால் காத்திருப்புப் பட்டியல் விஷயம் அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்ததும் காது இரண்டும் சூடாகின. தெரிந்தும் கொடுத்திருக்கிறாள். தைராய்டு, மழை, இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்து, கேட்டுக்கொண்டு, கொடுத்திருக்கிறாள்.

பீடத்தின் முன்னால் போய் நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து கிளாடிஸ் வந்து பக்கத்தில் நின்றாள். முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. சாந்தமாக இருந்தது. அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும்தான் தேவானந்தத்துக்குள் பழைய நெருப்பு குப்பென்று பற்றியது. அட, இதிலும் இவள்தான் ஜெயித்தாளா? இடமும் இவளுக்குத்தான் கிடைத்தது, அதைத் தூக்கிக் கொடுத்த பெருமையும் இவளுக்கா? இன்று இல்லாவிட்டால் நாளை கிறிஸ்டோவுக்குத் தெரியும். நாசர் பாய்க்குத் தெரியும். சபைக்கே தெரியும். ‘அந்தம்மா விட்டுக்கொடுத்துத்தான் சார் போனார்’ என்பார்கள். ஸ்காட்லாந்தில் எந்தக் கோட்டை முன்னால் நின்று போட்டோ எடுத்தாலும், எடுத்தது இவர், கொடுத்தது அவள். செத்தாலும் அது போகாது. பெரிய மனசு என்கிற ஒன்றையாவது தனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா இவள்? அவர் வயிறு எரிந்த எரிச்சலில், ஆயர் நீட்டிய மைக்கை ஏறக்குறையப் பிடுங்கினார்.

“ஐயா மன்னிக்கோணும், சபையாரும் மன்னிக்கோணும்” என்றார். “எடம் எனக்குக் கெடைக்கல. கிளாடிஸுக்குத்தான் கெடச்சது. நான் வெறும் வெயிட்டிங் லிஸ்ட்டு. பாடமும் அவ பாடம், எழுதுனதும் அவ. போகப்போறதும் அவதான். அவளுக்காக ஜெபம் பண்ணுங்க.”

 பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கை தட்ட, ஆலயம் என்றும் பார்க்காமல் அத்தனை பேரும் தட்டினார்கள். ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எப்பேர்ப்பட்ட மனசுங்க சார் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு, கிளாடிஸின் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் சபையிலேயே உரக்க ஆமென் சொன்னது தேவானந்தம்தான். வெளியே வாசலில் ஆள் ஆளாக வந்து கை கொடுத்தார்கள். பெரிய மனசு, பெரிய மனசு என்றே எல்லாரும் சொன்னார்கள். பத்து நாளில் முதல் தடவையாக அவருக்கு வயிறு குளிர்ந்தது. ஒன்றிலாவது அவளை முந்திவிட்டோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமரத்தடியில் கிளாடிஸ் ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டுவது எப்போதும் அவள்தான். அவருக்கு ஓட்ட வராது.

“நாளைக்குக் கடைசி நாள்” என்றார் தேவானந்தம், தாராளமாக. “ஊட்டுக்குப் போனதும் மொத வேலையா இன்னொரு மெயில் போட்டுரு. நேத்து எழுதுனது தப்பு, நான் வாரேன்னு எழுதிரு.”

“நேத்து என்னுங்க எழுதினேன்?”

“வரமுடியாதுன்னு.”

“நான் எங்கீங்க அப்பிடி எழுதினேன்? நேத்து எழுதினது காலேஜுக்கு லீவு லெட்டருங்க. அவுங்களுக்கு, வாரேன்னு அன்னிக்கு வியாழக்கெழமையே எழுதிப்போட்டேன்.”

தேவானந்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்பறம் அந்தக் கவர்?”

“எனக்குக் கெடச்சதுக்குத்தான் ஸ்தோத்திரம். கவர்ல குடும்பத் தலைவர் பேருதானுங்க கேக்குது? எப்பவும்போல உங்க பேர எழுதினேன். வெளிநாடுன்னதும் அவுங்களா உங்களுக்குன்னு நெனச்சுட்டாங்க. முன்னால வந்து நானே சொல்லிரலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள உங்க கையில மைக்கக் குடுத்துப்போட்டாங்க.”

 ஆக, யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கு வராத இடத்தைத்தான் அத்தனை பேர் முன்னால் தானம் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

“வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு நான் சொன்னப்ப நீ திரும்பிக்கூடப் பாக்கலியே.”

“அது அன்னிக்கே தெரியுமுங்க. பால்காரர் வந்தாருன்னு மெயில தொறந்து வெச்சபடியே எந்திரிச்சுப் போயிட்டீங்க.”

“பத்து நாளா தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தே?”

கிளாடிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி சீட்டில் வைத்தாள்.

“நீங்க கேப்பீங்கன்னு இருந்தேனுங்க” என்றாள். “மூணு வருஷம் அந்தக் கடுதாசிய வாங்கிட்டு நீங்க பட்ட பாட்ட கூட இருந்து பாத்தவ நான். கிளாடிஸ், எனக்கு அத விட்டுக்குடுத்துருன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, அப்பவே குடுத்திருப்பேன். தெனம் காத்தால, இன்னிக்குக் கேப்பாரு, இன்னிக்குக் கேப்பாருன்னு உங்க மொகத்தையே பாத்துட்டு நின்னேன். நீங்க தைராய்டுன்னீங்க, மழைன்னீங்க, ரத்தம்னீங்க. என் இங்கிலீஷையும் சொன்னீங்க. இத மட்டும் கேக்கவே இல்லீங்களே.”

ஆலயத்துக்குள்ளிருந்து கடைசியாக வந்த ஒருவர், “சூப்பர் சார், அசத்திப்போட்டீங்க” என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். தேவானந்தம் கையை ஆட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

“இப்பக் கேட்டா?” என்றார். 

“இப்பத் தரமாட்டனுங்க” என்றாள் கிளாடிஸ்.